எச்சரிக்கை: ‘5 கிகாஹெர்ட்ஸ், ஸ்டேபிள்’ என்று ஓவர்கிளாக் செய்து விற்கும் கணினிகள்

கோர் ஐ7-8700கே ப்ராசஸர் போட்டு, ஓவர்கிளாக் செய்த (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட வைத்த) கணினி. “ஆறு கோரும் 5.0 கிகாஹெர்ட்ஸ், முழுசா டெஸ்ட் பண்ணியாச்சு” என்று சொல்லி, அதற்கென்றே கூடுதல் பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஆதாரம் என்று காட்டியது, ப்ராசஸர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் ஒரு ஸ்கிரீன்ஷாட். வேலையில்லாமல் கிடக்கும் ப்ராசஸர் 5000 மெகாஹெர்ட்ஸ் காட்டுவது எதையும் நிரூபிக்காது.

லோடு ஏறியதும் வண்டவாளம் தெரிந்தது. பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி பிழை (டேட்டா சரியாக இல்லை என்ற அறிவிப்பு); அதே ஃபைல் அடுத்த முறை ஒழுங்காகப் பிரிகிறது. கேம் நடுவில் நீலத் திரை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் வீயா-லாகரின் 19-ஆம் எண் பதிவு வரிசையாக. 19 என்பது ப்ராசஸர் தானே திருத்திக்கொண்ட பிழை. கணினி விழாவிட்டாலும், ஓவர்கிளாக் செய்த பிறகு அது வந்தால் செட்டிங் ஸ்டேபிள் இல்லை.

பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரையில்) கோர் வோல்டேஜ் மேனுவலாக 1.45, லோட் லைன் காலிப்ரேஷன் (லோடு ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கும் செட்டிங்) உச்சத்தில், ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 5. ஏவிஎக்ஸ் என்பது ப்ராசஸரை அதிகம் சூடாக்கும் கனமான கணக்குக் கட்டளைகள். இந்த ஆஃப்செட்தான் ஏமாற்று வேலை. ஏவிஎக்ஸ் லோடு வந்தவுடன் மல்டிப்ளையர் (100 மெகாஹெர்ட்ஸை இதனால் பெருக்கினால் வருவதுதான் வேகம்) 50-லிருந்து 45-க்கு இறங்கிவிடும். வீடியோ என்கோடிங்கில் கிடைப்பது 4.5 மட்டுமே. வோல்டேஜோ குறையாமல் அப்படியே நிற்கும்.

வோல்டேஜ் இவ்வளவு தாராளமாக இருந்தும் ஏன் பிழை? சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: அதே வேகத்தில் 1.25-லிருந்து 1.45-க்குப் போனாலே ஏறக்குறைய 35 சதவீதம் கூடுதல். 8700கே-யில் உலோக மூடிக்கு அடியில், சூட்டை நன்றாகக் கடத்தும் சால்டர் கிடையாது, பேஸ்ட்தான். சூடு வெளியேறாமல் 100 டிகிரியைத் தொட்டு த்ராட்டில் ஆகும், அதாவது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடான சிப்புக்கு அதே வேகத்தில் ஓட இன்னும் வோல்டேஜ் வேண்டும். காலிப்ரேஷன் உச்சத்தில் இருந்தால் லோடு சட்டென்று விடும் நொடியில் வோல்டேஜ் எகிறும். அதை சாஃப்ட்வேர் காட்டாது, ஆசிலோஸ்கோப் வேண்டும்.

சரியான செட்டிங் தேட, முதலில் பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை) அணையுங்கள்; இல்லாவிட்டால் ரேம் பிழையும் கோர் பிழையும் கலந்துபோகும். காலிப்ரேஷன் நடு அளவில், ஆஃப்செட் 0, மல்டிப்ளையர் 47, வோல்டேஜ் 1.25. ப்ராசஸரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். கணினி விழுந்தால் வோல்டேஜை 0.01 ஏற்றுங்கள், விழாமல் ஓடினால் மல்டிப்ளையரை ஒன்று கூட்டுங்கள். லோடில் 85 டிகிரியைத் தாண்டினால் அதற்குமேல் போக வேண்டாம். பிறகு ப்ராசஸரை உச்ச லோடில் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட், முதலில் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஒரு மணி நேரம், அப்புறம் ஏவிஎக்ஸோடு. வீயா பிழை ஒன்றுகூட இல்லாமல் நின்ற வோல்டேஜுக்கு மேல் 0.02 சேர்த்து, கடைசியில் எக்ஸ்எம்பியைப் போட்டு மறுபடி சோதியுங்கள்.

கேட்டதற்கு, ஏவிஎக்ஸ் டெஸ்ட் “தேவையில்லாத டார்ச்சர்” என்று விற்றவர் கைவிரித்தார். பணம் கொடுப்பதற்கு முன்பே பயாஸில் கோர் வோல்டேஜ், காலிப்ரேஷன், ஏவிஎக்ஸ் ஆஃப்செட் ஆகிய மூன்று வரிகளையும் காட்டச் சொல்லுங்கள். பிரைம்95-ஐ உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லி, ஓடும்போதே வேகம், வோல்டேஜ், வெப்பநிலை மூன்றையும் பாருங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.