ஹாப்பரை இறக்கினால் ஸ்டீல் சாம்பலாகிறது: ரெண்டரிங் மென்பொருளோடு நான்கு வருஷம்

போன வாரம் பட்டுக்கோட்டையிலிருந்து பாலிடெக்னிக் காலத்து நண்பன் பேசினான். தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் செய்கிறவன். "மாப்ள, கொட்டேஷனோட படம் வச்சு அனுப்புறியே, போட்டோ எடுத்த மாதிரி, அந்த சாஃப்ட்வேரை நானும் வாங்கிடவா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி எனக்கு மெயில் வந்தது, 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அவனுக்குப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

கேட் (CAD) என்னும் டிசைன் மென்பொருளில் வரைந்த இயந்திரத்தை, செய்வதற்கு முன்பே போட்டோ மாதிரி படமாக்கித் தருவதுதான் இந்த ரெண்டரிங் மென்பொருள். அதன் பெயரை எழுதவில்லை. என் கோபத்தில் பாதி அதை எனக்கு விற்றவர்கள் மேல். அவர்கள் பக்கத்தைக் கேட்காமல் பெயர் போடுவது நியாயமில்லை.

கும்பகோணத்தில் மாடியில் இரண்டு அறை வைத்து, ரைஸ் மில்களுக்கு நெல் சுத்தம் செய்யும் இயந்திரம், நெல்லை மேலே தூக்கும் பக்கெட் எலிவேட்டர், கல் பிரிக்கும் இயந்திரம் ஆகியவற்றை டிசைன் செய்கிறோம். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் உருவாக்கிக் கொடுக்கிறோம். நான்கு வருஷத்துக்கு முன்னால், தை அறுவடை முடிந்து மில்காரர்களிடமிருந்து அட்வான்ஸ் வந்த கையோடு இந்த மென்பொருளை வாங்கினேன். கேட்டலாக்குக்கு நாலு நல்ல படம் வேண்டும், வேறு எண்ணமில்லை.

முதல் வருஷம் வலங்கைமான் பக்கம் ஒரு மில் முதலாளிக்கு வேலை. அறுபதைத் தாண்டியவர். டிராயிங்கை விரித்தால், "என்ன தம்பி, கோடு கோடா இருக்கு, நீங்க சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த முறை டிராயிங்கோடு ஒரு ரெண்டர் படத்தையும் ஏ4 தாளில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். அளவு புரியட்டும் என்று நெல் கொட்டும் தொட்டியான ஹாப்பரின் பக்கத்தில் ஓர் ஆளையும் தரையில் ஒரு நெல் மூட்டையையும் வைத்திருந்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, படத்தை முகத்துக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஹாப்பர் வாயின் மேல் விரலை வைத்தார். "தம்பி, மூட்டையைத் தரையிலேர்ந்து தூக்கித்தான கொட்டணும்? இது ஆளோட தோள்பட்டைக்கு நிக்குதே. நாள் பூரா எவன் தூக்குவான்?"

டிராயிங்கில் 1400 மில்லிமீட்டர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் பார்த்தேன், என் பையன்கள் இரண்டு பேர் பார்த்தார்கள், பட்டறை மேஸ்திரி பார்த்தார். நாலு பேருக்கும் அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. டிராயிங் படிக்கத் தெரியாத மனிதர்தான் கண்டுபிடித்தார். அப்படியே செய்து இறக்கியிருந்தால் லோடுமேன்கள் முதுகு போயிருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காக அந்த மென்பொருளுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

சரி, ஹாப்பரை இறக்க வேண்டும். எலிவேட்டரின் அடிப்பகுதியைக் குழி தோண்டி இறக்கலாம். ஆனால் நம் ஊர் மண்ணில் ஐப்பசி அடைமழைக்கு அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். பக்கெட்டும் பெல்ட்டும் அதிலேயே ஊறும். ஹாப்பரின் சாய்வைக் குறைத்தால் உயரம் குறையும், ஆனால் ஈர நெல் வழுக்கி இறங்காது. கடைசியில் ஹாப்பரில் 150 மில்லி குறைத்து, ஆள் நிற்க மொத்தம் 300 மில்லி உயரத்தில், இரண்டு படி வைத்து மேடை கொடுத்தோம். மேடையில் நிற்கிறவனுக்கு வாய் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. கேடில் இந்த மாற்றம் முழுவதும் ஒரு மணி நேர வேலை.

மாற்றிய டிசைனை ஸ்டெப் ஃபைலாக (ஒரு கேடிலிருந்து வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் பொது வடிவம்) எடுத்து ரெண்டரிங்கில் புதுப்பித்தேன். முதல்முறை வயிறு எரிந்தது அப்போதுதான். இயந்திரத்தில் பாதி வெறும் சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. ஹேர்லைன் பாலிஷ் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போச்சு, பச்சை பவுடர் கோட்டிங் போச்சு, பெல்ட்டின் ரப்பர் போச்சு. 212 போல்ட்டும் பிளாஸ்டிக். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்ட மெட்டீரியல்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய மாடலில் எந்த உறுப்புக்கு எந்த மெட்டீரியல் என்பதை அது உறுப்பின் பெயரை வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஹாப்பரை இரண்டு துண்டாகப் பிரித்தாலோ, ஓர் உறுப்பை வேறு அசெம்பிளிக்குள் நகர்த்தினாலோ, கேடில் அதன் பெயரோ வரிசையோ மாறிவிடும். அப்புறம் அது யாரோ, இது யாரோ. விற்ற இடத்துக்குப் போன் செய்தேன். "பார்ட் பெயரை மாற்றாதீர்கள் சார், எல்லாம் சரியாக வரும்" என்றார் அந்தத் தம்பி. இயந்திர டிசைன் என்றாலே மாற்றம்தானே? மாற்றவே வேண்டாத டிசைன் என்றால் அதைச் செய்து, வாசலில் நிறுத்தி, போனிலேயே போட்டோ எடுத்துக்கொள்வேனே! டிசைன் முடிவாவதற்கு முன்னால் பார்க்கத்தானே இந்தப் படம்? ஓடாத காருக்கு விலை வைப்பது மாதிரிதான் இது.

நான்கு வருஷத்தில் இந்தத் தொல்லை தீரவில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் புதுப்புது ஸ்டூடியோ விளக்கு, புதுப்புது மரத்தரை வருகிறது, இது மட்டும் அப்படியே இருக்கிறது. நானாக ஒரு வழி கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. கேடிலேயே ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் ஒரு நிறம் வைத்துவிட்டேன். ரோஸ் என்றால் ஸ்டெயின்லெஸ், மஞ்சள் என்றால் பவுடர் கோட்டிங், நீலம் ரப்பர், சிவப்பு போல்ட். ரெண்டரிங்கில் ஃபைலைத் திறக்கும்போது நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். உறுப்பின் பெயர் எப்படி மாறினாலும் ரோஸ் ரோஸாகவே வரும். எங்கள் டிசைன் திரையில் இயந்திரம் கொலு பொம்மை மாதிரி நிற்கிறது, பரவாயில்லை. பாதித் தொல்லை போனது. மீதிப் பாதி, அவசரத்தில் யாராவது நிறம் கொடுக்க மறக்கும் நாளில் வருகிறது. போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது.

இன்னொன்றையும் பட்டுக்கோட்டை நண்பன் தெரிந்துகொள்ள வேண்டும். மன்னார்குடி பக்கத்து மில் ஒன்றில் இயந்திரத்தை இறக்கி ஓட்டிக் காட்டியாயிற்று, கடைசித் தவணை வரவில்லை. போய்க் கேட்டால் அவர் படத்தை எடுத்து நீட்டினார். "இதுல வெல்டிங் தழும்பே இல்லையே. இங்க பாருங்க, ஓரம் பூரா புழு ஊர்ந்த மாதிரி இருக்கு." அவர் சொன்னது உண்மை. கேடில் இரண்டு தகடு சேரும் இடம் ஒரு கோடுதான். ரெண்டரில் அது கண்ணாடி மாதிரி வருகிறது. மூன்று நாள் கிரைண்டர் பிடித்து, பஃபிங் போட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து வெல்டிங் தெரியும் இடங்களில் படத்திலும் வெல்டிங் வைக்கிறேன். பவுடர் கோட்டிங்கில் லேசாக ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளமும் வைக்கிறேன். பட்டறையால் முடியாததைப் படத்தில் காட்டக் கூடாது. வாடிக்கையாளர் அந்தத் தாளை ஒப்பந்தமாகத்தான் வைத்துக்கொள்கிறார், அவர் அப்படி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

விற்கிறவர்கள் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. படத்தில் விழும் புள்ளி இரைச்சலைப் பாதியாக்க, சாம்பிளை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை, நான்கு மடங்காக்க வேண்டும். நேரமும் நான்கு மடங்கு. அந்த இரைச்சலைத் துடைத்தெடுக்கும் டீநாய்ஸர் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் எங்கள் சல்லடையில் அது கை வைத்துவிடுகிறது. மண் விழும் கீழ்ச் சல்லடையின் சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் இழுபட்டு, ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். ஓட்டையை எல்லாம் நிஜமாக மாடல் செய்தால் கேடே திணறுகிறது. தகட்டை ஓட்டையில்லாமல் விட்டு, ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஒளி ஊடுருவும் ஒரு படத்தை மேலே ஒட்டிவிட வேண்டும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

4கே, 8கே என்று விலை ஏற்றுவார்கள். ஏ4 தாளில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 3508க்கு 2480 பிக்ஸல் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போவதற்கு அதுகூட வேண்டாம், அது நசுக்கித்தான் அனுப்பும். இயந்திரம் ஓடுவதைக் காட்ட அனிமேஷன் போட்டால் நேராக வீடியோவாக எடுக்காதே, தனித்தனிப் படமாக எடு. விடிகாலை மூன்று மணிக்குக் கரன்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்தால் ஒரு படம்தான் போகும். வீடியோ என்றால் ராத்திரி முழுக்க ஓடியதும் சேர்ந்து போகும். நான் இழந்தது இரண்டு ராத்திரி.

காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்றால், இல்லை. ஃபியூஷன் என்னும் கேடில் ரெண்டர் பகுதி உள்ளேயே இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் என்னும் கேடில் புரொஃபஷனலோ பிரீமியமோ சப்ஸ்கிரிப்ஷனோடு வைத்திருந்தவர்களுக்கு, நான் வாங்கிய சமயத்தில் விஷுவலைஸ் ஸ்டாண்டர்டு என்னும் ரெண்டரிங் மென்பொருள் கூடவே வந்தது. என்னிடம் இருந்தது சாலிட்வொர்க்ஸின் ஸ்டாண்டர்டு பேக்கேஜ், அதனால் எனக்கு இல்லை. பிளெண்டர் என்னும் 3டி மென்பொருள் முழுக்க இலவசம், அதன் சைக்கிள்ஸ் என்னும் ரெண்டர் பகுதி தரும் படத்துக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் தானாக ஸ்டெப் ஃபைலைத் திறக்காது. ஃப்ரீகேட் என்னும் இலவச கேடில் திறந்து மெஷ்ஷாக (சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளால் ஆன வடிவம்) மாற்றிக் கொண்டுபோக வேண்டும். மில்லிமீட்டரை மீட்டராக எடுத்துக்கொண்டு இயந்திரம் ஆயிரம் மடங்கு பெரிதாக நிற்கும், வளைந்த குழாய்கள் பட்டை பட்டையாகத் தெரியும். எல்லாவற்றையும் சரிசெய்யலாம். எனக்கு ஒரு மாதம் பிடித்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரும்பச் செய்ய வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். சுற்றுப்புற ஒளிக்கு மட்டும் காசே வேண்டாம். பாலி ஹேவன் என்னும் இணையதளத்தில் அதற்கான படங்களை இலவசமாக எடுத்துக்கொள், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

இவ்வளவு திட்டிவிட்டு நேற்றுக் காலை பணத்தைக் கட்டிவிட்டேன். அந்த வலங்கைமான் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹாப்பர் மேல் வைத்த விரல் ஞாபகத்தில் இருக்கும்வரை என்னால் கட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் நீ வாங்காதே மாப்ள. உனக்கு வருஷத்துக்கு மூன்று மாடல், ஆறு படம். அதற்கு இந்தச் சந்தா அநியாயம். ஸ்டெப் ஃபைலை எனக்கு அனுப்பு, நான் போட்டுத் தருகிறேன். அனுப்பும் முன் நான் சொன்ன மாதிரி நிறம் கொடுத்துவிடு. மட்டையைக் கிழிக்கும் உருளையில் இருக்கும் முள் ஒவ்வொன்றின் விளிம்பையும் அரை மில்லி உருட்டிவிடு. கூர் விளிம்பாக விட்டால் வெளிச்சம் அதில் பிடிக்காது, முள்ளெல்லாம் களிமண்ணில் செய்தது போல வரும்.