சீமைக்கருவை வெட்டப் போட்டுக்கொள்பவை: நான்கு வருடத்துக்குப் பிறகு

கமுதிப் பக்கம் எங்கள் 3 ஏக்கர் புஞ்சை தரிசாகக் கிடந்தது. தரிசு என்று பெயர்தான்; உள்ளே நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம். 2021இல் மரம் அறுக்கும் பெட்ரோல் மெஷின் வாங்கி, வீட்டு அடுப்புக்குப் போக மிச்சத்தைக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். அப்போது வாங்கிய பாதுகாப்புச் சாமான்களில் எது உழைத்தது, எது ஆணியில் தொங்கியது என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் ஷூ. கருவை முள் காய்ந்தால் இன்னும் பொல்லாதது. ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறி, நுனி சதைக்குள்ளேயே முறிந்துவிடும். நான் முதலில் வாங்கியது விரல் பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது. கட்டை விழுந்தால் விரல் பிழைக்கும், சரி. முள் கீழிருந்தல்லவா வருகிறது! இரண்டாவது வாரமே அடிப்பாகத்தைத் துளைத்து ஏறியது. குதிகால் வீங்கி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு, பத்து நாள் நொண்டினேன். இப்போது போடுவதில் அடிப்பாகத்துக்குள் எஃகுத் தகடு இருக்கிறது. ஐ.எஸ். 15298 முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அடித்தகடு உண்டா என்று தனியாகக் கேளுங்கள், எல்லாவற்றிலும் இருக்காது. பாதம் வளையாது, பழக ஒரு மாதம் ஆகும். அதன்பிறகு ஒரு முள்கூட ஏறவில்லை.

அடுத்தது, தொடையிலிருந்து கணுக்கால்வரை முன்பக்கம் கட்டிக்கொள்ளும் காலுறை. ‘சாப்ஸ்’ என்று விற்கிறார்கள். முதல் நாள் என்னைப் பார்த்த பக்கத்துப் புஞ்சைக்காரர், “மட்டை எங்கே தம்பி?” என்று கேட்டார். கிரிக்கெட் ஆடுகிறவன் போலத்தான் இருந்தேன். மெஷினில் சுற்றும் பல் வைத்த செயின் இதை அறுக்கவே அறுக்காது என்று நினைக்க வேண்டாம். மேல்துணி கிழியும், உள்ளே அடுக்கியிருக்கும் நீளமான இழைகள் உருவி வந்து, செயினோடு போய்ப் பல்சக்கரத்தில் சுற்றி, மெஷினை நிறுத்தும். போன வருடம் கிளை கழிக்கும்போது கை தாழ்ந்து இடது தொடையில் பட்டது. பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பிதுங்கியது, மெஷின் நின்றது. தோலில் கீறல் இல்லை. உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது. ஒருமுறை வெட்டுப்பட்டதைத் தைத்துப் போடக் கூடாது, புதிது வாங்கினேன். இதன் குறை வெக்கைதான். ஒன்பது மணிக்கு மேல் உள்ளே வியர்வை ஆறாக ஓடும். அதனால் வெளுக்கும்போதே தொடங்கி, வெயில் ஏறுமுன் மெஷினை அணைத்துவிடுகிறேன்.

கையுறையில் இரண்டு ஜோடி வேண்டும். புள்ளி வைத்த துணிக் கையுறை இந்த முள்ளுக்கு வெறும் அலங்காரம். கிளை இழுக்க, வெல்டிங் செய்கிறவர்கள் போடும் முழங்கைவரை நீண்ட தோல் கையுறைதான் நல்லது. அதைப் போட்டுக்கொண்டு மெஷினின் விசையைப் பிடித்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மெல்லிய தோல் போதும்.

ஹெல்மெட், முகத்துக்கு வலை, காது மூடி மூன்றும் சேர்ந்தே வந்தன. வலை சிராயைத் தடுக்கும், தூளைத் தடுக்காது. கீழே கண்ணாடியும் போட்டாக வேண்டும். அது வியர்வையில் மங்கும். இதற்கு நல்ல வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை. மெஷின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும் என்பதால் காது மூடியைக் கழற்றுவதில்லை. ஆனால் கூப்பிட்டால் கேட்காது. பின்னாலிருந்து தோளைத் தொடாதே, தூரத்தில் முன்பக்கமாக வந்து துண்டை வீசு என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஹெல்மெட்டை மட்டும் நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. மோட்டார் அறைக் கூரைமேல் வெயிலில் போட்டே வைத்ததில் பிளாஸ்டிக் வெளுத்து, விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டது. இந்தத் தையில் மாற்றினேன். பழையதில் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன.