காட்டுயிர்க் கணக்கெடுப்பில் நிகழ்தகவு மாதிரிகள்: எட்டு ஆண்டு அனுபவம்

எட்டு ஆண்டுகளாகக் குளத்துத் தவளைகளையும் கால்வளையமிட்ட சிறு பறவைகளையும் கணக்கெடுத்து வருகிறேன். தவளைத் தரவுக்குப் புள்ளியியல் நிரல்மொழியான ஆர்-இன் அன்மார்க்ட் (unmarked) தொகுப்பு, பறவைகளுக்கு மார்க் (MARK) மென்பொருள். இந்தக் கட்டுரையில் 'மாதிரி' என்பது கணித மாதிரி (model).

முதலில் எண்ணியதை அப்படியே வரைபடமாகப் போட்டுவந்தேன். மூன்றாம் ஆண்டு, தவளை தென்பட்ட குளங்கள் கால்பங்கு குறைந்தன. மனம் பதறிவிட்டது. மக்கென்சி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2002-ல் முன்வைத்த இருப்பிட மாதிரியில் (occupancy model; உயிரி ஓரிடத்தில் இருந்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பையும் கணக்கில் எடுப்பது) தரவைக் கொடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த ஆண்டு நாங்கள் போனதெல்லாம் மழையில்லாத இரவுகள். அப்படிப்பட்ட இரவில் தவளை கண்ணிலோ காதிலோ படும் வாய்ப்பு 0.3தான். நான்கு முறை போயும் தவறவிடும் வாய்ப்பு, 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால், 0.24. தவளை உள்ள குளங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றை 'இல்லை' என்று எழுதியிருக்கிறோம்! ஒரே பருவத்தில் ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்ததால்தான் இதைக் கணக்கிட முடிந்தது.

பறவைகளுக்குக் கார்மாக், ஜாலி, செபர் என்ற புள்ளியியலாளர்கள் மூவரும் 1964-65-ல் உருவாக்கிய மாதிரி. வளையமிட்ட பறவைகள் மறுபடி வலையில் சிக்குவதை வைத்து, எத்தனை பங்கு உயிர்பிழைக்கின்றன என்று அது கணிக்கிறது. சிக்கிய ஆண்டுக்கு 1, சிக்காத ஆண்டுக்கு 0 என்று எழுதுவோம். ஒரு பறவையின் வரலாறு 1011 என்றால், இரண்டாம் ஆண்டு அது வலையில் சிக்கவில்லை, ஆனால் உயிரோடுதான் இருந்தது. அந்தச் சுழியத்திலிருந்துதான் பிடிபடும் வாய்ப்பையே மாதிரி கற்றுக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. உயிர்பிழைக்கும் விகிதமும் பிடிபடும் வாய்ப்பும் ஆண்டுக்காண்டு மாறலாம் என்று விட்டால், கடைசி ஆண்டில் இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டையும் பெருக்கிய எண் மட்டுமே கிடைக்கும். இது தெரியாமல் ஐந்தாம் ஆண்டு அறிக்கையில் பெரிய இழப்பு என்று எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டுத் தரவு சேர்ந்ததும் அந்தச் சரிவைக் காணவில்லை. இப்போது கடைசிப் புள்ளியை அறிக்கையில் சேர்ப்பதில்லை. இடம்பெயர்ந்து திரும்பாத பறவையையும் இறந்ததாகவே இந்த மாதிரி எண்ணும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடையாளமிடாமல் வெறும் எண்ணிக்கையிலிருந்தே மொத்தத்தைச் சொல்லும், ராயல் என்ற ஆய்வாளரின் 2004 மாதிரியையும் இரண்டு பருவங்கள் பயன்படுத்தினேன். ஒரே பறவையை இருமுறை எண்ணிவிட்டால் விடை தாறுமாறாக ஏறுகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

சரி, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மென்பொருளைவிடப் பயணத் திட்டம் முக்கியம். கைவசமுள்ள பணத்தை இப்போது பழைய குளங்களுக்குக் கூடுதல் இரவுகள் போகவே ஒதுக்குகிறேன். போன பருவத்தில் ஒரு குளத்தில் முதல் தவளைக் குரல் கேட்டது ஆறாவது இரவில்தான்.