ரோவ் வண்டு ஆர்வலர்களுக்கு ஸூகீஸ் இணைய ஆய்விதழ்

கட்டணமின்றி முழுக் கட்டுரைகளையும் படிக்கத் தரும் ஸூகீஸ் என்ற விலங்கியல் ஆய்விதழின் அருமையை அறிய விரும்புவோர், 2014 பிப்ரவரி 12 அன்று, டார்வினின் பிறந்தநாளில், அதில் வெளியான, ரோவ் வண்டு (குட்டை முன்சிறகுள்ள வண்டுக் குடும்பம்) பற்றிய கட்டுரையை முதலில் திறந்து பார்க்க வேண்டும். டார்வின் 1832இல் அர்ஜென்டினாவின் பஹியா பிளாங்காவில் பிடித்து, பின்னர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பெயரின்றியே நெடுங்காலம் கிடந்த வண்டு ஒரு புதிய பேரினத்தைச் சேர்ந்தது என்பதை ஆய்வாளர் சாட்ஸிமனோலிஸ் அதில் நிறுவி, அதற்கு டார்வினிலஸ் செடாரிசி என்று பெயர் சூட்டினார்.

இவ்விதழின் பெரும்பலம் படங்களே. இவ்வண்டின் பச்சையும் நீலமுமாக மின்னும் தலை, அரத்தின் பற்களைப் போன்ற உணர்கொம்புக் கணுக்கள், வயிற்றை மூடாமல் பாதியிலேயே நின்றுவிடும் குட்டை முன்சிறகுகள் ஆகியவற்றைத் திரையில் பெரிதாக்கி, விவரணையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. கலைச்சொற்கள் கடினமானவை என்பதால், புதியவர்கள் பூச்சி உடலமைப்பை விளக்கும் நூலொன்றை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. அறியப்பட்டவை இரண்டே மாதிரிகள் என்ற நிலையில், தொலைவில் இருப்பவர்களும் அவ்வண்டை இவ்வளவு நெருக்கமாகக் காண முடிவது பெரும் பேறு.