மானுக்கு ஒரு மூட்டை, எல்க்குக்கு ஒரு மூட்டை

முதல் வருடம் வேட்டைக்குக் கிளம்பும்போது காட்டுக்குள் போவதற்குத்தான் பை கட்டினேன். வெளியே வருவதற்குக் கட்டியிருக்க வேண்டும் என்பது திரும்பும் வழியில், இடுப்பெலும்பின் தோல் உரிந்தபோதுதான் புரிந்தது.

இடம் கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ். டென்வரிலிருந்து மேற்கே காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். 10,000 அடிக்கு மேலே தட்டையாக விரியும் மேட்டுநிலம், ஓரமெல்லாம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக்காடு, நடுநடுவே ஏரிகள். மானின் பெரிய உறவினமான எல்க் அமெரிக்காவில் அதிகம் உள்ள மாநிலம் கொலராடோ, அதிலும் பெரிய கூட்டம் மேய்வது இந்தப் பக்கம்தான். முதல் ரைஃபிள் சீசன் எல்க்குக்கு மட்டும். அக்டோபர் கடைசியில் வரும் இரண்டாவது சீசனில் மானும் சேர்ந்துகொள்ளும். மான் டேக், அதாவது ஒரு விலங்கை வேட்டையாடத் தரும் உரிமம், குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு. இரண்டு டேக்கையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இந்த அலசல். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஊரில் இதைச் சொன்னால் அம்மா இன்னும் பேச்சை மாற்றிவிடுவார். சரி, அது வேறு கதை.

பையில் எதை வைப்பது என்பதற்கு முன்னால் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். இங்குள்ள ம்யூல் டியர் பெயருக்கேற்பக் கழுதைக் காது கொண்ட மான். நன்றாக வளர்ந்த கிடா 90 கிலோ இருக்கும், எலும்பு நீக்கினால் 25, 30 கிலோ கறி. எல்க் நம் மிளாவுக்கு அண்ணன். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், எலும்பில்லாமலே 80, 90 கிலோ கறி தேறும். மான் விழுந்தால் ஒரு பெரிய சுமை, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிவிடலாம். எல்க் விழுந்தால் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு நடை, கூடாரத்தை எடுக்க இன்னொரு நடை. கார் 5 கிலோமீட்டர் தூரத்தில் நின்றால் போக வர ஆளுக்கு 25 கிலோமீட்டர். இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒவ்வொரு பொருளையும் எடை போடுகிறேன்.

பை: மலையேற்றப் பையா, ஃப்ரேம் வைத்த சட்டப் பையா?

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 65 லிட்டர் மலையேற்றப் பை ஒருபுறம். வெற்று எடை 1.7 கிலோ அளவு, 18 கிலோ சுமைக்குச் சொகுசு. மறுபுறம் வேட்டைக்கென்றே செய்த சட்டப் பை. ஸ்டோன் கிளேசியர், கிஃபாரு போன்ற கம்பெனிகள் செய்கின்றன. வெற்று எடையே இரண்டரை, மூன்று கிலோ, விலை 500 டாலரில் தொடங்கி மேலே போகும். கடையில் இரண்டையும் மாட்டிப் பார்த்தால் யாருக்கும் முதல் பைதான் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது.

வித்தியாசம் கறி ஏறும்போதுதான் தெரியும். மலையேற்றப் பையில் கறியை உள்ளே திணிக்க வேண்டும், அல்லது வெளியே கட்டித் தொங்கவிட வேண்டும். உள்ளே திணித்தால் குளிர்ந்துபோன கறி நழுவி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே கட்டினால் முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று ஆளைப் பின்னால் இழுக்கும். ஒவ்வொரு அடியிலும் குனிந்து அதை எதிர்த்து இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். நான் அன்று தூக்கியது எல்க்கின் ஒரு பின்னங்கால், எலும்போடு 27 கிலோ. இரண்டாவது கிலோமீட்டரில் இடுப்புப்பட்டையின் நுரை மடங்கி, அலுமினியப் பட்டையின் முனை இடுப்பெலும்பில் இறங்கியது.

சட்டப் பையில் பைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி திறக்கும். கறி மூட்டையை அதில் நிறுத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே வருகிற மாதிரி உயர்த்தி, வார்களை இறுக்கினால் சுமை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. 35 கிலோ லேசாகிவிடாது. ஆனால் வலி இடுப்பிலிருந்து தொடைக்கு மாறும், தொடை வலியோடு நடக்க முடியும்.

மான் டேக் மட்டும் இருந்து, காரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் பழைய பையே போதும், காசை வீணாக்காதீர்கள். எல்க் டேக் இருந்தால் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். பழைய பாணி அலுமினியச் சட்டம் என்று மூன்றாவது ஒரு வழியும் உண்டு. 150 டாலருக்குள் கிடைக்கும், நடக்கும்போது கிறீச்சிடும், கிளைகளில் சிக்கும். வேட்டையாட எடுத்துப் போக லாயக்கில்லை. ஆனால் காரிலேயே வைத்துவிட்டு, கறி இறக்க மட்டும் எடுத்து வந்தால் பிரமாதமாக வேலை செய்யும்.

"சக்கர வண்டி வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃப்ளாட் டாப்ஸின் பெரும்பகுதி 1975 முதல் வில்டர்னஸ், அதாவது இயந்திரம் நுழையக் கூடாத காப்புக்காடு. 1964 வில்டர்னஸ் சட்டப்படி அங்கே மோட்டார் மட்டுமல்ல, கையால் தள்ளும் கறி வண்டியும் கூடாது. நம் முதுகு, இல்லாவிட்டால் குதிரை, லாமா (தென்னமெரிக்க ஒட்டக வகை) போன்ற சுமைவிலங்கு, இவைதான் வழி. குதிரை 60, 70 கிலோவை அலட்சியமாகத் தூக்கும். ஆனால் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோலை மட்டுமே தேசியக் காட்டுக்குள் கொண்டுபோகலாம், குதிரையைப் பழக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். லாமா 30 கிலோ தூக்கும், வாடகைக்குக் கிடைக்கும், வழியில் கிடைத்த புல்லைத் தின்றுகொள்ளும். என்னைப் போன்ற ஐ.டி. ஆட்கள் ஒரு மணி நேரப் பயிற்சியில் பிடித்து நடத்திவிடலாம். கோபம் வந்தால் துப்பும், அவ்வளவுதான்.

கூடாரம்: அடுப்பு வைத்ததா, அடைத்து மூடியதா?

இதில் எனக்கும் என் கூட்டாளிக்கும் நாலு வருடமாகச் சண்டை. அவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், அறுபதைக் கடந்தவர், பண்ணையில் வளர்ந்தவர். அவருடைய கட்சி தரையில்லாத டீப்பி கூடாரம்: நடுவே ஒரு கம்பு, சுருட்டி எடுத்துப் போகும் டைட்டானிய விறகடுப்பு, கூரை வழியே ஒரு புகைக்குழாய். இந்த வகையில் பெயர் பெற்ற சீக் அவுட்சைட் கம்பெனி இதே மாநிலத்து கிராண்ட் ஜங்ஷன்காரர்கள். நாலு பேர் அளவுள்ளதை அடுப்போடு சேர்த்துக் கட்டினால் 3 கிலோவைச் சுற்றி வரும், இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை. என் கட்சி இரண்டு சுவர் கொண்ட சாதாரணக் கூடாரம். அதுவும் ஆளுக்கு ஒரு கிலோதான் வரும், பத்து நிமிடத்தில் நிற்கும்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் பகலில் நனைக்கும் பனி, ராத்திரியில் உறையும். நனைந்த காலுறையையும் பூட்ஸையும் காயவைக்க அடுப்பைத் தவிர வேறு வழியே இல்லை. எல்க் தூக்கிய நாளில் சட்டை, கால்சட்டை எல்லாம் வியர்வையில் ஊறியிருக்கும். மறுநாள் இன்னொரு நடை பாக்கி. அந்த ராத்திரி அடுப்பின் மதிப்பை டாலரில் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் குட்டி அடுப்பு முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விறகு கேட்கும். நள்ளிரவில் யாரும் எழுந்து போடப் போவதில்லை, விடியும்போது உள்ளே வெளியே ஒரே குளிர்தான். மரம் வளராத உயரத்தில் விறகும் இல்லை. வறட்சி வருடங்களில் தீக்கட்டுப்பாடு கடுமையானால் விறகடுப்புக்குத் தடை வரும், வால்வு வைத்த கேஸ் அடுப்புக்கு மட்டும் அனுமதி இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

எதைத் தூக்கிப் போனாலும் இடத்தைப் பார்த்து அடியுங்கள். 1940களில் பட்டைவண்டு இந்த ஸ்ப்ரூஸ் காட்டைத் தின்று தீர்த்தது, 2002இல் டிராப்பர்ஸ் ஏரிப் பக்கம் பெரும் தீ. நிற்கிற செத்த மரம் நல்ல விறகுதான், ஆனால் காற்றடித்த ராத்திரி அதன் கீழே படுத்திருக்கக் கூடாது. ஒருமுறை எங்கள் கூடாரத்திலிருந்து முப்பது அடியில் ஒன்று சாய்ந்தது. சத்தம் கேட்டு எழுந்தவர்கள் அப்புறம் தூங்கவில்லை.

என் தீர்ப்பு: மானுக்கு மட்டும் மூன்று நாள் என்றால் என் கட்சி. எல்க்குக்கு ஐந்து நாள் என்றால், பெரியவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், அவர் கட்சி.

படுக்கையில் இறகு அடைத்த தூக்கப்பைக்கும் செயற்கை இழைத் தூக்கப்பைக்கும் நடக்கும் பழைய சண்டையை நீட்ட வேண்டாம். மைனஸ் 18 டிகிரிக்கான இறகுப் பை 1.3 கிலோ சுற்றிலும், இழைப் பை 2 கிலோவுக்கு மேலும் இருக்கும். அடுப்பு இருந்தால் இறகு. அடுப்பில்லாமல் நாலு நாள் ஈரம் என்றால் இழை. இதைவிட முக்கியம், பையின் பெயரில் இருக்கும் எண் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லைதான். நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை அதைவிட ஆறேழு டிகிரி மேலே இருக்கும், லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே விரிக்கும் நுரைப்பாயின் ஆர் மதிப்பு, அதாவது குளிரைத் தடுக்கும் அளவு, 2தான், உறைந்த தரைக்குப் போதாது. ஊதும் மெத்தை 5, 7 என்று போகும், ஆனால் ஒரு முள் போதும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கிறேன், மதிப்பு கூடிக்கொள்ளும். பகலில் பனியில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்க நுரைப்பாய் இல்லாமல் முடியாது.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகும் என்று காத்திருந்தால் சீசன் முடிந்துவிடும். கடையில் விற்கும், உறையவைத்து உலர்த்திய சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கு வெந்நீர் ஊற்றினால் போதும், ஆனால் பையில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக ஐந்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். விலை 12 டாலர், ருசி அட்டைக்கும் சாம்பாருக்கும் நடுவே. என்னுடைய மாற்று: அவல், வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சல், ஒரு குட்டி டப்பா நெய். அவலுக்கு வெந்நீர்கூட அதிகம். நெய் நூறு கிராமுக்கு 900 கலோரி, கடலைமிட்டாய் 500க்கு மேல். எடைக்கு இந்த அளவு கலோரி தரும் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை. பெரியவர் முதலில் பெருங்காய வாசனைக்கு மூக்கைச் சுளித்தார், எல்க்குக்கு மூக்கு இல்லையா என்றார். இப்போது அவருக்கும் ஒரு பொட்டலம் கட்ட வேண்டியிருக்கிறது. இங்கே கருங்கரடி உண்டு, எந்தச் சாப்பாடானாலும் ராத்திரி கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

கேஸ் அடுப்புக்கு ஐசோபியூட்டேன் கலந்த குப்பிதான். மைனஸ் 10 நெருங்கினால் அழுத்தம் இறங்கிவிடும், ராத்திரி குப்பியைப் படுக்கைக்குள் போட்டுக்கொண்டால் காலையில் எரியும். வெள்ளை பெட்ரோல் அடுப்பு எந்தக் குளிரிலும் எரியும், ஆனால் கனம், நாற்றம். ஐந்து நாளுக்கு அது தேவையில்லை.

கத்தி, கறிப்பை, எலும்பு

அலகு மாற்றும் கத்தி சவரக்கத்தி போல வெட்டும், எடையே தெரியாது. மானுக்கு இரண்டு அலகு போதும். எல்க்கின் மூட்டில் வைத்து நெம்பினால் அலகு பட்டென்று ஒடியும். இருட்டில், விரல் மரத்த நேரத்தில், ஒடிந்த துண்டைக் கறிக்குள் தேடுவது நல்ல அனுபவம் இல்லை. அதனால் எல்க்குக்குத் தோலுரிக்க மாற்று அலகு, மூட்டு கழற்ற நாலு அங்குல நிலைக்கத்தி, இரண்டும் எடுத்துப் போகிறேன். கறிப்பையில் மலிவான பருத்தி வலை கிழியும், ஈ நுழையும். செயற்கைத் துணியில் ஐந்து பை வாங்கிவிட்டால் துவைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம்.

எலும்போடு தூக்குவதா, நீக்கிவிட்டா? எலும்போடு இருந்தால் கறி உருக்குலையாது, தொங்கவிட்டால் சுற்றிலும் காற்றுப்படும். நீக்கினால் எடை குறையும், ஆனால் குவியலாகக் கிடக்கும் கறி மெதுவாகத்தான் ஆறும். மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் எலும்போடு, அதற்கு மேல் நீக்கிவிடுங்கள். எப்படியானாலும் ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு கறியோடு இயற்கையாக ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம், அவசரத்தில் வெட்டிவிடக் கூடாது. மானையும் எல்க்கையும் மெலியவைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோயை முதலில் கண்டது 1967இல் இதே மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில். கையுறை போடுங்கள், மூளை, தண்டுவடத்தில் கத்தி வைக்காதீர்கள், தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஆரஞ்சு அல்லது பிங்க், தலையிலும் அதே நிறம், கட்டாயம். பெரிய பையை மாட்டினால் முதுகுப்பக்க ஆரஞ்சு காணாமல் போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பைக்கும் ஒரு ஆரஞ்சு உறை வாங்குங்கள். கொம்பைத் தூக்கி வரும்போது அதிலும் ஒரு துண்டு கட்டுங்கள்.

கடைசியாக, பையில் இல்லாத ஒரு பொருள். நாலு லிட்டர் பால் கேன்களில் தண்ணீர் உறைய வைத்து, இரண்டு ஐஸ்பெட்டி நிறைய அடுக்கிக் காரில் விட்டுவிட்டுப் போங்கள். கடையில் வாங்கும் கட்டி ஐஸ் உருகிக் கறியை ஊறவைக்கும், கேன் ஊறவைக்காது. ஐந்தாம் நாள் கடைசி நடை முடிந்து மூட்டையைப் பெட்டிக்குள் இறக்கியபோது ஒரு கேன் பாதி உருகியிருந்தது. பெரியவர் மூடியைத் திறந்து, கடகடவென்று பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.