ஓர்க்கா ஓவியம்: ஹைடா பாணியா, சாலிஷ் பாணியா?

கனடாவின் மேற்குக் கரையில் ஹைடா, கரையோர சாலிஷ் என்ற பழங்குடி மக்களின் இரண்டு மரபுகளுமே ஓர்க்கா திமிங்கலத்தை வரைகின்றன. ஹைடா பாணியில் கறுப்புக் கோடுதான் உடல். நடுவில் பருத்து முனையில் மெலிய வேண்டும். ஒரே தடிமனில் இழுத்தால் கம்பியை வளைத்து வைத்தது போலாகிவிடும். கோடுகள் சேருமிடத்தில் சின்ன முக்கோணமாக வெள்ளை விடாவிட்டால் கறுப்பு அப்பிக்கொள்ளும். உள்விவரங்களுக்குப் பெரும்பாலும் சிவப்பு. உயர்ந்த முதுகுத் துடுப்பு, மூச்சுத்துளை, பல்வரிசை இருந்தால் ஓர்க்காதான்.

கரையோர சாலிஷ் பாணியில் வெட்டியெடுத்த இடமே பேசும். கம்பளி நூற்கும் தக்களியின் மரவட்டில் பிறையும் முக்கோணமுமாகச் செதுக்கிய கை அது. எளிது போலத் தெரியும். வெட்டு கொஞ்சம் கூடினாலும் உருவம் சிதறிவிடும்.

ஹைடாக்களிடம் ஓர்க்கா குலச்சின்னம், உரிமையுள்ள குடும்பத்துக்கே சொந்தம். சாலிஷ் மக்களிடம் அந்த முறை அவ்வளவு இறுக்கமில்லை. அதற்காக யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம் என்றில்லை.