டோக்கியோவில் அளவில்லா ஷாபு-ஷாபு: மலிவான தொகுப்பே மேல்

டோக்கியோவில் உவேனோ, ஷிஞ்சுகு, இகெபுகுரோ போன்ற பெரிய ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டடங்களில், அண்ணாந்து பார்த்தால் ஏதோ ஒரு மாடியில் அளவில்லா ஷாபு-ஷாபு என்று எழுதிய பலகை கண்ணில் படாமல் போகாது. மேசை நடுவே உள்ள அடுப்பில் தாஷி என்னும் மெல்லிய சாறு கொதித்துக்கொண்டிருக்க, மிக மெல்லியதாகச் சீவிய இறைச்சியைச் சாப்பிடுகிறவரே குச்சியால் எடுத்து அதில் அலசி, பொன்சு என்னும் புளிப்புச் சாற்றிலோ எள் சாஸிலோ தோய்த்து உண்பதுதான் ஷாபு-ஷாபு. குறித்த நேரத்துக்குள் எத்தனை தட்டு வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்; விலை மாறாது. நான் இங்கே மதிப்பிடுவது உவேனோ பக்கத்தில் உள்ள அப்படிப்பட்ட ஒரு கடையை. அதன் விலைப்பட்டியலில் கடைசியில் கிடக்கும் பன்றி இறைச்சித் தொகுப்பே அங்கே கிடைக்கும் மிகச் சிறந்த சாப்பாடு என்பதும், அதற்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் யென்கள் பெரும்பாலும் வீண் என்பதும் என் முடிபு.

தொகுப்புகள் மூன்று. இரவு நேரத்தில் பன்றி இறைச்சித் தொகுப்பு ஒருவருக்கு மூவாயிரம் யென்னை ஒட்டியும், அதனுடன் வெளிநாட்டு மாட்டிறைச்சியும் சேர்ந்தது நாலாயிரத்துக்குச் சற்று மேலும், ஜப்பானிய வாக்யூ மாட்டிறைச்சியும் சேர்ந்தது ஆறாயிரத்துக்கு மேலும் ஆகின்றன. பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது வரி சேராத விலை. 10 விழுக்காடு நுகர்வு வரி சேர்ந்த விலை அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரு மேசையில் அமர்பவர்கள் அனைவரும் ஒரே தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும். ஒருவர் வாக்யூ கேட்டால் மற்றவர்களும் கேட்டாக வேண்டும் என்பதால், நண்பர்களுடன் போகிறவர்கள் உள்ளே நுழையும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. நேரம் 100 நிமிடம். கடைசி 20 நிமிடத்தில் புதிதாக எதுவும் கேட்க முடியாது. கேட்டு வாங்கியதை அளவு மீறி மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் உண்டு என்று மேசையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் அளவில்லா விருந்து முறை 1958இல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலில், ஸ்காண்டிநேவிய நாடுகளின் விருந்தைப் பார்த்துத் தொடங்கியது. அங்கே அது வசதி படைத்தவர்களின் ஆடம்பரமாக இருந்தது; இன்று பள்ளி மாணவர்கள் சீருடையோடு வந்து உட்காரும் அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது.

தொகுப்பைவிட முக்கியமான தேர்வு சாறுதான். ஆனால் வருகிறவர்களில் பலர் அதைப் போகிற போக்கில் முடிவு செய்துவிடுகிறார்கள். பாத்திரத்தின் நடுவில் தடுப்பு இருப்பதால் இரண்டு சாறுகள் கேட்கலாம். கோம்பு என்னும் கடற்பாசிச் சாறு, சர்க்கரையும் சோயா சாஸும் கலந்த சுகியாக்கிச் சாறு, சோயாப் பால், கிம்ச்சி, காரமான எள் சாறு ஆகியவை எப்போதும் உண்டு. பருவத்துக்கு ஒன்று புதிதாகவும் வரும். இவற்றில் கோம்பு பார்ப்பதற்கு வெறும் வெந்நீர்தான். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கை அளவுக் கரும்பச்சைத் துண்டு ஒன்று கிடக்கும், அவ்வளவே. புதியவர்கள் அதை ஒதுக்கிவிட்டுச் சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருப்பதைக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் 1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இகேதா கிகுனாயே குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தது இந்தக் கடற்பாசியைக் கொண்டுதான். அஜினோமோட்டோ என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நம்மவர்கள் அறிய வேண்டியது, அதன் தொடக்கமும் இந்தக் கண்டுபிடிப்பே என்பது. அவருடைய மாணவர் கோதாமா ஷிந்தாரோ 1913இல் உலர்ந்த சூரை மீனிலிருந்து இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருளைக் கண்டறிந்தார். இறைச்சியிலும் அது உண்டு. இரண்டும் ஒன்றுசேரும்போது சுவை வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. அதனால்தான் முதல் தட்டு இறைச்சி வேகும்வரை வெந்நீராக இருந்த கோம்புச் சாறு, மூன்றாவது தட்டு முடிவதற்குள் கரண்டியால் எடுத்துக் குடிக்கத் தக்கதாக மாறிவிடுகிறது.

சுகியாக்கிச் சாறு இதற்கு நேர்மாறானது. முதல் வாய்க்கு அது இனிப்பும் உப்புமாக நன்றாகத்தான் இருக்கும். நீர் வற்ற வற்ற இனிப்பு ஏறிக்கொண்டே போய், பாதி நேரத்துக்குள் எந்த இறைச்சியைப் போட்டாலும் ஒரே சுவையாகிவிடும். தொட்டுக்கொள்ளப் பச்சை முட்டை வேறு தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. உண்மையான சுகியாக்கி, அதற்கென்றே உள்ள தட்டையான இரும்புச் சட்டியில் சிறிது சிறிதாகச் சாறு விட்டுச் செய்யப்படுவது. ஆழமான பாத்திரம் நிறைய அதே சாற்றை ஊற்றிக் கொதிக்க விடுவது அதன் பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட வேறொரு பண்டம். இரண்டாவது பக்கத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால் சோயாப் பாலைச் சொல்வேன். ஆனால் அது விரைவில் அடிப்பிடித்துத் திரியும் என்பதால் அடுப்பைக் குறைத்தே வைத்திருக்க வேண்டும்.

இனி இறைச்சி. ஷாபு-ஷாபு பிறப்பால் மாட்டிறைச்சிப் பண்டம் என்பதை மறுப்பதற்கில்லை. பெய்ஜிங்கின் ஆட்டிறைச்சிக் கொதிசாற்றை ஒட்டி உருவான இதற்கு 1952இல் இந்தப் பெயரைச் சூட்டியது ஓசாகாவின் சுயேஹிரோ என்ற இறைச்சி உணவகம். அங்கும் அதைப் போன்ற பழைய கடைகளிலும் இன்றும் வாக்யூவைத்தான் வைக்கிறார்கள். அங்கே அது பொருத்தமே. அளவில்லாக் கடையின் நிலைமை வேறு. 1991இல் ஜப்பான் மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு அமெரிக்க, ஆஸ்திரேலிய இறைச்சி தாராளமாக வரத் தொடங்கியது. இத்தகைய கடைகளின் நடுத்தரத் தொகுப்பில் தட்டுக்கு வருவது பெரும்பாலும் அதுதான். நான் உண்ட கடையில் அது கொழுப்புக் குறைந்த சிவப்புப் பகுதி. உறைந்த கட்டியிலிருந்து சீவியதால் தட்டில் சுருண்டு கிடக்கிறது. கொதிசாற்றில் மூன்று நொடி கூடுதலாக இருந்தால் போதும், நார் நாராகி எள் சாஸின் உதவியில்லாமல் விழுங்க முடியாததாகிறது.

வாக்யூ தட்டில் அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைக் கொழுப்பு கோலமிட்ட அந்தத் துண்டுகளை முதலில் பார்க்கும்போது ஆறாயிரம் யென் நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தக் கொழுப்பின் பெரும்பகுதி சாற்றில் கரைந்து மேலே படலமாக மிதக்கிறது. எஞ்சியதை நாலைந்து துண்டுகளுக்கு மேல் உண்ண முடியாதபடி வயிறு திகட்டிவிடுகிறது. அளவில்லாமல் தருகிறோம் என்று சொல்லி, அளவாகவே உண்ண முடிகிற பொருளை விற்பதில் கடைக்காரருக்கு நட்டம் ஏதும் இராது. பன்றி இறைச்சியின் கதை அப்படியல்ல. வயிற்றுப் பகுதி, முதுகுப் பகுதி, தோள் பகுதி என்று மூன்று வகை தருகிறார்கள். வயிற்றுப் பகுதியின் கொழுப்பு சாற்றுக்கு இனிமையைத் தருகிறது. தோள் பகுதி மெல்லுவதற்கு இதமாக இருக்கிறது. முதுகுப் பகுதியை மட்டும் தவிர்க்கலாம். அமிலமும் யூசு என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் மணமும் உள்ள பொன்சுவில், துருவிய வெள்ளை முள்ளங்கியையும் பொடியாக நறுக்கிய வெங்காயத் தாளையும் சேர்த்துத் தொட்டு உண்டால், தட்டுக்குப் பின் தட்டாகப் போனாலும் சலிப்பதில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மாட்டிறைச்சியை நிறம் மாறியதும் எடுத்துவிடுவதைப் போலப் பன்றி இறைச்சியை எடுக்கக் கூடாது. 2015 முதல் பன்றி இறைச்சியைப் பச்சையாகப் பரிமாறுவதை ஜப்பானிய அரசு தடை செய்துள்ளது. உள்ளே இளஞ்சிவப்பு முற்றிலும் மறைந்த பிறகே அதை உண்ண வேண்டும். அதற்காகச் சாறு தளதளவெனக் கொதிக்க வேண்டியதில்லை. ஓரங்களில் சிறு குமிழிகள் எழும் சூட்டில் வைத்துச் சற்றுப் பொறுத்து எடுத்தால் இறைச்சி இறுகாமலும் இருக்கும், நன்றாக வெந்தும் இருக்கும். பச்சை இறைச்சியை எடுக்கக் கொடுக்கும் இடுக்கியையும் வாயில் வைக்கும் குச்சியையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. மேலே எழும் பழுப்பு நுரையை அள்ளுவதற்கு ஒரு சிறிய வலைக்கரண்டி தருகிறார்கள். அதற்கு வேலை கொடுக்காத மேசைகளில் சாறு கலங்கிப் போய்விடுவதைப் பக்கத்து மேசைகளில் பார்க்கலாம்.

காய்கறி மேடைக்கு நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். சீன முட்டைக்கோஸ், மிசுனாக் கீரை, முளைகட்டிய பயறு, எனோக்கி, ஷிமேஜி, எரிங்கி காளான்கள், டோஃபு, நாடாவாகச் சீவிய கேரட்டும் முள்ளங்கியும் என்று வரிசை நீள்கிறது. டோக்கியோவில் காய்கறி விலை அறிந்தவர்களுக்கு, அளவின்றி அள்ளிக்கொள்ளத் தகுந்தது இறைச்சியைவிட இந்த மேடைதான் என்பது விளங்கும். முட்டைக்கோஸின் தண்டையும் காளானையும் முதலிலேயே போட்டுவிட்டு, கீரையை உண்ணும் நேரத்தில் மட்டும் முக்கி எடுக்க வேண்டும். ஷுங்கிக்கு என்ற கசப்பு மணமுள்ள சாமந்தி இனக் கீரை பன்றிக் கொழுப்புக்கு மிகப் பொருத்தமானது. அது மாலையில் சீக்கிரம் தீர்ந்துவிடுவதும், கேட்டாலும் நிரப்பாததும் இந்தக் கடையின் குறை. அதே மேடையின் மறுமுனையில் இருக்கும் குழம்புச் சோறு, பொரித்த கோழி, குளிர்ந்து இறுகிய சூஷி ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றில் இடத்தை அடைப்பதற்காக வைக்கப்பட்டவை அவை.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தங்களுக்கு ஏற்ற உணவு இங்கே கிடைக்குமா என்பது. மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்குப் பன்றித் தொகுப்பில் சிக்கல் இல்லை. அந்தத் தொகுப்பில் கோழியும் கேட்கலாம். பன்றியைத் தவிர்க்கும் முஸ்லிம்களுக்கு இந்தக் கடை ஏற்றதல்ல. பாத்திரமும் இடுக்கியும் எல்லாவற்றுக்கும் பொது என்பதால், ஹலால் சான்று பெற்ற தனிக் கடைகளைத் தேடுவதே சரி. சைவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோம்புச் சாறு கடற்பாசியால் ஆனது என்று நம்பிப் போனாலும், கடைகளில் தரும் ஆயத்தச் சாற்றிலும் பொன்சுவிலும் உலர்ந்த சூரை மீனின் சத்து கலந்திருப்பது வழக்கம்.

கேட்பதெல்லாம் மேசைமேல் உள்ள தொடுதிரையில்தான். அதில் ஆங்கிலமும் சீனமும் கொரிய மொழியும் இருப்பதால் ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கும் தயக்கம் வேண்டாம். இறைச்சித் தட்டுகளைப் பூனை முகம் காட்டும் ரோபோ வண்டி கொண்டுவருகிறது. ஸ்கைலார்க் என்ற உணவகக் குழுமம் 2021 முதல் தன் கடைகளில் பெருமளவில் இறக்கிய பிறகு இந்த வண்டிகள் டோக்கியோவில் சாதாரணமாகிவிட்டன. குழந்தைகளுக்கு அது வேடிக்கை. எனக்கு அது மெதுவானது என்பதே குறை. கூட்டமான மாலையில் ஒரு தட்டு வந்து சேரப் பத்து நிமிடம் பிடிக்கிறது. 100 நிமிடத்தில் பத்து நிமிடம் சிறிதல்ல. அதனால் முதல் தட்டு வந்தவுடனேயே அடுத்ததைக் கேட்டுவிட வேண்டும். பணியாளர்கள் குறைவு என்றாலும், சாறு வற்றியதைப் பார்த்துக் கேட்காமலேயே ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கவனத்தை விலை அதிகமான கடைகளிலும் எப்போதும் காண முடிவதில்லை.

கடைசி அழைப்புக்கு முன் மறவாமல் ஒரு கிண்ணம் சோறும் ஒரு முட்டையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இறைச்சியும் காளானும் முட்டைக்கோஸும் தம் சாரத்தையெல்லாம் இறக்கிவிட்ட கோம்புச் சாற்றில் அந்தச் சோற்றைப் போட்டு, இரண்டு நிமிடம் கொதிக்க விட்டு, அடித்த முட்டையை மேலே சுற்றிலும் ஊற்றி அடுப்பை அணைத்து மூடிவிட்டால் அதுதான் சோசுய். சிறிது உப்பும் வெங்காயத் தாளும் போதும். நம் வீட்டுப் பால்கஞ்சியைப் போல வயிற்றுக்கு இதமானது அது. ஆனால் சுவையில் அடர்த்தியானது. சோற்றுக்குப் பதில் உடோன், ராமென் போன்ற நூடுல்ஸ் போட்டு முடிப்பவர்களும் உண்டு, அதுவும் தவறில்லை. வாக்யூவின் கொழுப்புப் படலம் மிதக்கும் சாற்றிலும், இனிப்பேறிய சுகியாக்கிச் சாற்றிலும் இந்தச் சோசுயைச் செய்து பார்த்தவர்கள், மலிவான தொகுப்பை நான் ஏன் பரிந்துரைக்கிறேன் என்பதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

வாஃபிளும் ஐஸ்கிரீமும் விலையில் அடங்கியவை, ஐஸ்கிரீம் பரவாயில்லை. குளிர்பானங்களுக்குத் தனிக் கட்டணம், மதுவுக்கு இன்னும் கூடுதல். வார நாள் மதியத்தில் இதே பன்றித் தொகுப்பு இரண்டாயிரம் யென்னுக்கும் குறைவாகக் கிடைக்கிறது, கூட்டமும் இராது, ரோபோவும் விரைவாக வரும். சனி, ஞாயிறு மாலைகளில் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்புக்கு இந்தக் கடை தகுதியானதல்ல.